பல் இடுக்கில் நூல் விட்டால் ரத்தம் வருகிறது, நிறுத்திவிடலாமா?

செட்டிநாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் தொழில். ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு. கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 சதவீதம். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை. காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குகிறார். இருந்தும் கீரை, ஆட்டுக்கறி, மாம்பழம் எதைச் சாப்பிட்டாலும் கடைவாயில் சிக்கிக்கொள்கிறது. கீழே வலது பக்கம், இரண்டு வருடத்துக்கு முன் சொத்தைக்கு அடைத்த பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் தினமும் சிக்குகிறது. தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கால் குத்தி எடுப்பதுதான் பல வருடப் பழக்கம்.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் 16 வயது மகளிடம் மருத்துவர் ‘ஃப்ளாஸ் பண்ண வேண்டும்’, அதாவது பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னதைக் கேட்டு, இவரும் தையல் நூலை எடுத்து எல்லா இடுக்கிலும் விட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று நாளும் ரத்தம். பயந்து நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, ‘நூல் விட்டால் பல் சந்து பெருசாகும், நான் க்ளீனிங் செய்த பிறகுதான் எனக்குப் பல் ஆட ஆரம்பித்தது’ என்று சொல்லியிருக்கிறார். மேல் முன்பற்களுக்கு நடுவில் ஈறு சின்னச் சின்ன உருண்டையாகத் தடித்திருக்கிறதாம். அம்மாவுக்கு 52 வயதில் எல்லாப் பல்லும் போய்ச் செட் கட்டியதால், ‘எங்கள் வாகே இப்படித்தான், இனி என்ன செய்து என்ன’ என்று சலிப்பும் இருக்கிறது. நூலைத் தொடரலாமா, க்ளீனிங் செய்துகொள்வது ஆபத்தா, கடையில் விற்கும் ஃப்ளாஸுக்குத் தண்டச் செலவு செய்ய வேண்டுமா, மவுத்வாஷ் போதாதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

தையல் நூலை நிறுத்தியது சரி. இடுக்கைச் சுத்தம் செய்வதையே நிறுத்தியதுதான் தவறு.

ஒரு பல்லுக்கு ஐந்து முகம். கன்னத்தைப் பார்த்த முகம், நாக்கைப் பார்த்த முகம், மெல்லும் முகம், பக்கத்துப் பற்களை ஒட்டிய இரண்டு முகங்கள். பிரஷ் தொடுவது முதல் மூன்றை மட்டும். எவ்வளவு நல்ல பிரஷ்ஷாக இருந்தாலும், எவ்வளவு நேரம் தேய்த்தாலும், பற்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் அதன் முடி நுழைவதில்லை. தையல் மெஷினின் மேல்பலகையைத் தினமும் பளபளவென்று துடைத்துவிட்டு, பாபின் பெட்டிக்குள் சேரும் பஞ்சை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலானோருக்கு ஈறு நோயும் சரி, பெரியவர்களுக்கு வரும் சொத்தையில் கணிசமும் சரி, தொடங்குவது இந்த இடுக்குகளில்தான்.

உங்கள் கடிதத்தில் முதலில் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. சிக்கிய உணவை எடுப்பதும் இடுக்கைச் சுத்தம் செய்வதும் ஒன்று என்று நினைத்திருக்கிறீர்கள். கீரையும் கறி நாரும் கண்ணுக்குத் தெரிகிற தொந்தரவு. குத்தி எடுத்தால் நிம்மதியாகிறது. ஈற்றைக் கெடுப்பது அதுவல்ல. பல்லின் பக்கவாட்டுச் சுவரில் வெளிறிய மஞ்சளாக, பிசுபிசுப்பாகப் படியும் ஊத்தை இருக்கிறதே, அது கிருமிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டும் படலம். கொப்பளித்தால் போகாது, குத்தினாலும் போகாது, துடைத்தால்தான் போகும். எதுவுமே சிக்காத இடுக்கிலும் அது தினமும் படிகிறது. அதைத் துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே இறுக ஆரம்பித்து, சில வாரத்தில் கல் போன்ற காரையாகிவிடும். அதற்குப் பிறகு நூலும் பிரஷ்ஷும் பயன்படா.

ரத்தம் எதனால் வருகிறது என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹேரல்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. நீங்கள் தினமும் இரு வேளை துலக்கினாலும், உங்கள் இடுக்குகளைப் பொறுத்தவரை நீங்கள் பல வருடமாகத் துலக்காதவர்தான். அங்கே ஈறு ஏற்கெனவே வீங்கி, மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் விரிந்து நிற்கின்றன. நூல் தொட்டதும் கசிகிறது. மூன்றாம் நாளில் நிறுத்திவிட்டீர்கள். இன்னும் சில நாள் சரியான பொருளை வைத்துச் செய்திருந்தால் குறைய ஆரம்பித்திருக்கும்.

எல்லா ரத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கவும் கூடாது. பல இடுக்கில் பரவலாக, வலி அதிகமில்லாமல் வந்து, நாளுக்கு நாள் குறைந்தால் அது வீக்கத்தின் கசிவு, தொடருங்கள். ஒரே இடத்தில் சுரீரென்று வலித்து, ஈற்றில் கீறல் கோடு தெரிந்தால் அது கை செய்த காயம். அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு ஆறுவது கொஞ்சம் தாமதமாகும், எனவே மூன்று வாரம் வரை பொறுக்கலாம். அதன் பிறகும் ஓர் இடுக்கில் தினமும் ரத்தம் வந்தால், அங்கே ஈறு பல்லை விட்டு விலகி ஆழமான பை உண்டாகியிருக்கக்கூடும். நூல் ஈறு விளிம்புக்குக் கீழே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் போகும். அதற்குக் கீழே மருத்துவரின் கருவிக்குத்தான் வேலை.

ஊக்கும் தையல் நூலும்

ஊக்கை இன்றைக்கே விடுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் ஈறு முக்கோணமாக மேலெழும்பி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கூம்பு தான் உணவு உள்ளே நுழையாமல் காக்கிறது. ஊக்கு அதைக் குத்திக் குத்தித் தேய்க்கிறது. கூம்பு தாழ்ந்ததும் அங்கே ஓட்டை விழுகிறது. ஓட்டையில் இன்னும் அதிகமாகச் சிக்குகிறது. இன்னும் அதிகமாகக் குத்துகிறோம். ‘சந்து பெருசாகிறது’ என்று சொல்வதற்கு உண்மையில் தகுதியுள்ளது ஊக்குதான். விளக்குமாற்று ஈர்க்கு, தீக்குச்சி, ஹேர்பின் எல்லாம் இதே கணக்கு. ஓட்டல் கல்லாவில் வைத்திருக்கும் பல் குச்சியை, சிக்கியதை மெல்ல நெம்பி எடுக்க எப்போதாவது பயன்படுத்தலாம். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

தையல் நூல் ஏன் கூடாது? அது முறுக்கேற்றிய நூல், உருண்டையானது. பல்லின் சுவரில் தட்டையாகப் படிவதில்லை. இறுக்கமான இடுக்கில் அழுத்தும்போது சட்டென்று உள்ளே விழுந்து ஈற்றை அறுக்கும். உங்கள் ரத்தத்தில் ஒரு பங்கு அதனால் வந்ததாகவும் இருக்கலாம். பல்லுக்கான ஃப்ளாஸ் என்பது முறுக்கில்லாத நைலான் இழைகளின் கற்றை. சுவரில் அழுத்தியதும் விரிந்து துடைக்கும். ஃப்ளாஸின் மூதாதை நூல்தான் என்பது உண்மை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற பல் மருத்துவர் 1819இல் எழுதிய கையேட்டில் மெழுகு பூசிய பட்டு நூலைத்தான் பரிந்துரைத்தார். பட்டு போய் நைலான் வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். உங்களிடம் மெழுகு பூசிய பட்டு நூல் இருந்தாலும் வேண்டாம். நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கும்போது 200 வருடம் பின்னால் போக வேண்டியதில்லை.

கூடவே ஒன்று: தையல்காரர்கள் நூலை முன்பல்லால் கடித்து அறுப்பது வழக்கம். நாளடைவில் முன்பல் விளிம்பில் சிறு வெட்டு விழும். குண்டூசியை உதட்டில் கவ்வுவதும் அப்படியே. கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடுக்குக்கு எது

உங்களுக்கு இரண்டு பொருள் வேண்டும். பற்கள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு ஃப்ளாஸ். ஈறு தாழ்ந்து சந்து விழுந்த இடத்துக்கு இன்டர்டென்டல் பிரஷ். பின்னது, பால் புட்டி கழுவும் பிரஷ்ஷைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கியது போல மெல்லிய கம்பியில் முடி வைத்தது. சில கடைகளில் ப்ராக்ஸா பிரஷ் என்று கேட்டால்தான் தெரியும். சந்து உள்ள இடத்தில் இதுவே மேல். கடைவாய்ப்பல்லின் பக்கச்சுவர் வேர் இருக்கும் பக்கம் உள்வாங்கிக் குழிந்திருக்கும். நூல் அந்தக் குழியின் மேல் பாலம் போலப் போய்விடும், பிரஷ்ஷின் முடி குழிக்குள் இறங்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பும் வெறும் துலக்கலோடு இவற்றைச் சேர்த்தால் ஈறு வீக்கம் குறைகிறது என்றும், நூலைவிடப் பிரஷ் கூடுதலாகப் பலன் தரலாம் என்றும் சொன்னது. சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ‘ஃப்ளாஸ் வீண்’ என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை. பலரும் நூலைத் தவறாக விடுகிறார்கள். தவறாக விட்ட நூலால் பலன் வராது.

ஃப்ளாஸ் விடும் முறை. பூக்காரம்மா அளக்கும் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். 45 சென்டிமீட்டர், சரியான அளவு. ஒரு கையின் நடுவிரலில் பெரும்பகுதியைச் சுற்றி, மறுமுனையை அடுத்த கையின் நடுவிரலில் இரண்டு சுற்று சுற்றுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, நடுவில் இரண்டு விரற்கடை நீளம் மட்டும் விறைப்பாக இருக்கட்டும். ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் மெல்ல அசைத்து இறக்குங்கள். அழுத்தித் தள்ளினால் ‘டக்’ என்று விழுந்து ஈற்றை வெட்டும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். உள்ளே இறங்கியதும் மேலும் கீழும் இரண்டு முறை இழுத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் நடுவில் உள்ள ஈறுதான் அடிபடும், பல்லின் சுவர் அப்படியே இருக்கும். ஓர் இடுக்கில் இரண்டு சுவர் உண்டு. முதலில் நூலை ஒரு பல்லின் மேல் பிறைபோல வளைத்து ஒட்டுங்கள், கழுத்துப்பட்டிக்குப் பைப்பிங் வைக்கும்போது துணி வளைவோடு ஒட்டிப் போகுமே அப்படி. ஈறு விளிம்புக்கு அடியில் லேசாக நுழைத்து, அங்கிருந்து பல்லின் நுனி நோக்கி ஐந்தாறு முறை தேய்த்துத் துடையுங்கள். பிறகு ஈறுக் கூம்பைத் தாண்டி அடுத்த பல்லின் சுவரில் அதே வேலை. அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி. கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்சுவரையும் விடாதீர்கள். மெழுகு பூசாத ஃப்ளாஸாக இருந்தால், சுவர் சுத்தமானதும் ‘கீச்’ என்று சத்தம் போடும்.

உங்களுக்கு விரல் நுணுக்கம் உண்டு, ஒரு வாரத்தில் பழகிவிடும். முதல் நாள் பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும். பிறகு மூன்று நிமிடத்துக்குள் முடியும். மெழுகு பூசிய ஃப்ளாஸை வாங்குங்கள், இறுக்கமான இடத்தில் எளிதாக நழுவும். கைப்பிடி வைத்த ஃப்ளாஸ் பிக் வசதியானது, ஆனால் அதில் நூல் விறைப்பாகவே நிற்பதால் பிறைபோல வளைக்க முடியாது. வெளியூரில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரஷ்ஷுக்கு அளவுதான் எல்லாம். 0.4 மில்லிமீட்டர் சந்துக்கானதில் தொடங்கி 1.5 வரை உண்டு. உறையில் சைஸ் 0, 1, 2 என்று எண் இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பெரும்பாலானவர்களின் வாய்க்கு ஒரே அளவு போதாது. முன்னால் சின்னது, கடைவாய்க்குப் பெரியது என்று இரண்டாவது வேண்டியிருக்கும். முடி இரண்டு பக்கச் சுவரையும் உரச வேண்டும், கம்பி உரசக் கூடாது. தள்ளித்தான் நுழைக்க வேண்டும் என்றால் அது பெரியது. தொளதொளவென்று போனால் சின்னது. சந்தேகமாக இருந்தால் சின்னதிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை மருத்துவர் கையால் அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

ஈறு மட்டத்தில் நேராக நுழைத்து, முழு நீளமும் வெளிவரும்படி முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை. மெல்லிய பிரஷ்ஷை நுழைக்கும்போது வளைத்துத் திருகினால் கழுத்தில் கம்பி ஒடியும். கடைவாய்க்கு, வாயை அகலத் திறக்காமல் பாதி மூடுங்கள். கன்னம் தளர்ந்து கை நுழைய இடம் கிடைக்கும். கன்னப் பக்கத்திலிருந்து செய்த பிறகு நாக்குப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை நுழையுங்கள். பேஸ்ட் வேண்டாம். முடிந்ததும் கழுவிக் காற்றாட வையுங்கள், மூடி போட்டு ஈரத்தோடு அடைக்காதீர்கள். முடி படுத்துவிட்டால் அல்லது கம்பி வளைந்துவிட்டால் மாற்றுங்கள். சுமாராக ஒரு வாரம், பத்து நாள் வரும்.

ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். இரவில், துலக்குவதற்கு முன் செய்யுங்கள். இடுக்கு திறந்திருந்தால் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு உள்ளே போகும். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் அந்த ஃப்ளோரைடையும் கழுவி விட்டுவிடுவோம்.

வலது கீழ்ப் பல்லில் இருக்கும் பிரச்சினை

எல்லா இடுக்கிலும் சிக்குவது ஒரு விஷயம். ஒரே இடுக்கில் தினமும் சிக்குவது வேறு விஷயம், அதற்குச் சுத்தம் மட்டும் மருந்தல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பல்லை அடைத்த பிறகு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பல் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அடைக்கும்போது, மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றி, அடியில் சிறு ஆப்பு செருகி அடைப்பார்கள். பட்டை சரியாகப் பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பக்கத்துப் பல்லைத் தொடாமல் சிறு இடைவெளி நின்றுவிடும். அல்லது அடைத்த பொருள் ஈறு பக்கம் பிதுங்கித் திண்ணைபோல நீட்டிக்கொண்டிருக்கும். முதலாவதில் ஒவ்வொரு கவளத்துக்கும் உணவு நேராக உள்ளே இறங்கும். இரண்டாவதில் ஊத்தை தங்க வசதியான இடம் கிடைக்கும். மூன்றாவதாக, அடைப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை வந்திருக்கவும் கூடும்.

நல்ல ஃப்ளாஸ் வாங்கியதும் நீங்களே பார்க்கலாம். மற்ற இடுக்குகளில் நூல் ஒரு தடையைத் தாண்டி இறங்கும். அந்த இடுக்கில் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பல் தொடவில்லை. இறங்கிய நூல் ஒவ்வொரு முறையும் நார்நாராகப் பிரிந்து, மாட்டிக்கொண்டு வந்தால் ஓரம் சொரசொரப்பாக இருக்கிறது. மாட்டினால் மேலே இழுக்க வேண்டாம். ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள். இந்த விவரத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஃபிலிமைக் கடித்துப் பிடித்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே ஒன்றில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிதுங்கலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். தொடாமல் நின்றால் அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும், பல் பெரிதும் குறைந்திருந்தால் கேப். எதையும் செய்யாமல் தினமும் குத்தி எடுத்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்தில் எலும்பு கரைந்து நல்லதாக இருந்த பக்கத்துப் பல்லும் சேர்ந்து கெடும்.

முன்பல் ஈறும் மாத்திரையும்

மேல் முன்பற்களின் நடுவில் ஈறு உருண்டையாகத் தடிப்பதாக எழுதியதைப் படித்ததும் அம்லோடிபின்தான் நினைவுக்கு வந்தது. இந்த வகை மாத்திரை சிலருக்கு ஈற்றை வளர்த்துவிடும். பெரும்பாலும் முன்பற்களுக்கு நடுவில் உள்ள கூம்புகளில் தொடங்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினும் இப்படிச் செய்வதுண்டு. ஊத்தை இருக்கும் இடத்தில் வளர்ச்சி கூடுதலாக இருக்கும், எனவே இடுக்கைச் சுத்தமாக வைத்தாலே ஒரு பங்கு அடங்கும். நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ரத்த அழுத்தம் எகிறினால் ஈற்றைவிடப் பெரிய விலை கொடுக்க வேண்டிவரும். பல் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால், உங்கள் பொது மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார்.

‘க்ளீனிங் செய்தால் பல் ஆடும்’

பக்கத்து வீட்டு அக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்ததைத்தான் சொல்கிறார். காரணத்தை மட்டும் மாற்றிப் பிடித்திருக்கிறார். வருடக்கணக்கில் படிந்த காரை, பற்களுக்கு நடுவில் சிமென்ட் பூசியது போல நின்று, எலும்பு கரைந்து ஆட வேண்டிய பற்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றியதும் மறைந்திருந்த சந்தும் தெரிகிறது. இடித்துப் பார்க்கும் வரை சுவரில் கரையான் இருந்தது தெரியாத கதைதான். கருவி அதிர்வால் காரையை உடைக்கிறது, பல்லைச் சுரண்டிக் குறைப்பதில்லை. சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும், அவ்வளவுதான். நூல் விட்டால் சந்து பெருகும் என்பதும் இதே மயக்கம். எலும்பில் நிற்கும் பல்லை ஒரு நூல் தள்ளி வைத்துவிட முடியாது.

எனவே போய்ப் பாருங்கள். காரை எடுப்பதோடு முடிக்காமல், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுப் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்று மில்லிமீட்டர் வரை நல்லது. நான்கும் அதற்கு மேலும் உள்ள இடங்களைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆழமான பைகளுக்கு மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வார்கள். புதுக்கோட்டையில் இப்போது அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்கள் பக்கத்துக்குத் தொலைவில்லை. காலையில் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றில் போய் வரிசையில் நிற்க வேண்டாம். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது உங்கள் நிலைக்குப் பொருத்தம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. ஈற்றுக்கு முறையாக வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 0.4 குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 8.4இல் நிற்கும் உங்களுக்கு அது சும்மா விடக்கூடிய அளவல்ல.

வாகு என்பது எவ்வளவு உண்மை

அம்மாவின் கதையை வைத்து உங்கள் பற்களைக் கைகழுவப் பார்க்கிறீர்கள். மேலே சொன்ன அதே ஹேரல்ட் லோ 1970இல் இலங்கை மலையகத்துக்கு வந்தார். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாய்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்தார். பல் வைத்தியமோ இன்று நாம் பழகிய பல் சுத்தமோ அவர்களுக்குக் கிடைத்ததில்லை. சொத்தையும் அநேகமாக இல்லை. எனவே பல் போனால் அது ஈற்றால் போனது. எல்லோர் பல்லிலும் ஊத்தையும் காரையும் ஒன்றுபோல இருந்தும், நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 பேருக்கு நிதானமாக, 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. 35 வயதில் வேகக்காரர்களுக்கு, ஈறும் எலும்பும் பல்லைப் பிடித்திருக்கும் மட்டம் சுமார் 9 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, நிதானக்காரர்களுக்கு 4, மூன்றாம் வகையினருக்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. ஈறு நோயைப் பற்றி உலகம் படிக்கும் அடிப்படைப் பாடம் ஒன்று, வைத்தியம் எட்டாத நம் மக்களின் வாயிலிருந்து எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் சங்கடமாகவே இருக்கும்.

வாகு உண்மைதான் என்று இதைப் படித்துச் சொல்லலாம். ஆனால் அது சுத்தமே இல்லாத வாய்களில் தெரிந்த வாகு. உங்கள் அம்மாவின் வேகம் உங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தால் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் இந்த நூல் அதிகம் தேவை. அம்மாவுக்கு 52 வயதுக்கு முன் யாராவது இடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்களா, அவருக்கும் சர்க்கரை இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

மவுத்வாஷ், மகள், செலவு

மவுத்வாஷ் ஊத்தையின் மேல் ஓடிவிடும், அதைப் பெயர்க்காது. வேர் சுத்தம் செய்த பிறகு குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்ற கிருமிகொல்லி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரைமணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பேஸ்ட் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

மகளுக்குக் கம்பி இருப்பதால் நூலை மேலிருந்து இறக்க முடியாது. ஒரு முனை விறைப்பாக உள்ள ஃப்ளாஸ் கிடைக்கும். அதைக் கம்பிக்கு அடியில் ஊசிபோலக் கோத்து இடுக்குக்குள் இறக்க வேண்டும். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றியும் கம்பிக்கு அடியிலும் சின்ன இன்டர்டென்டல் பிரஷ் நன்றாகப் போகும். தண்ணீர் பீய்ச்சும் கருவி அவளுக்கு உதவும், ஆனால் விலை அதிகம். முதலில் நூலும் பிரஷ்ஷும் பழகட்டும்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். 50 மீட்டர் ஃப்ளாஸ் டப்பா ஒன்று வாங்கி இரவுக்கு ஒரு முழம் எடுத்தால் 111 நாள் வரும், மூன்றரை மாதத்துக்கு மேல். சந்து விழுந்த கடைவாய்க்குப் பிரஷ் போட்டுவிட்டு நெருக்கமான பற்களுக்கு மட்டும் நூல் விட்டால் அரை முழமே போதும், டப்பா ஏழு மாதம் ஓடும். முதலில் ஃப்ளாஸை மட்டும் வாங்கி இன்றிரவே தொடங்குங்கள். பிரஷ்ஷை, புதுக்கோட்டையில் அளவு பார்த்துச் சொன்ன பிறகு வாங்கலாம்.